குழுவுக்கென்று ஒரு தளம்: திறப்பதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா அருகே உள்ள செர்ன் (CERN) இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தன் மேலாளரிடம் ஒரு குறிப்பைக் கொடுத்தார். உலகத்தை எல்லாம் இணைக்கப்போகிறேன் என்ற முழக்கம் அதில் இல்லை. ஆட்கள் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தவையும் அவர்களோடு போய்விடுகின்றன, புதிதாக வருபவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலைகிறார் என்ற அலுவலகப் புலம்பல்தான் அதில் இருந்தது. உலகளாவிய வலை (வெப்) முளைத்தது அந்தப் புலம்பலிலிருந்துதான். அங்கே அதை ஊழியர்களிடம் முதலில் ஒட்டவைத்ததும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் அல்ல, ஆய்வுக்கூடத்தின் தொலைபேசிப் பட்டியல். பெரிய கணினிக்குள் நுழைந்து எண் தேடி அலுத்தவர்கள், அந்த ஒரு பக்கத்துக்காகவே உலாவியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இந்தத் தொலைபேசிப் பட்டியலை மறந்துவிடுவதுதான், அலுவலக அணி தன் கோப்புகளையும் தகவல்களையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும் குழுத் தளத்தை அமைப்பவர்கள் செய்யும் முதல் தவறு. தளம் வேண்டும் என்று முடிவானதும் எந்த மென்பொருளில் அமைப்பது, ஷேர்பாயிண்டா, கன்ஃப்ளுயன்ஸா, விக்கியா என்று பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் முகப்புப் பக்கத்துக்கு எந்தப் படம் என்று பேசுகிறார்கள். நம் ஆட்கள் நாள்தோறும் எதைத் தேடி அல்லாடுகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அரட்டைக் குழுவிலோ, தொலைபேசியிலோ, நாற்காலியைத் திருப்பிப் பக்கத்து மேசையிலோ யார் எதைக் கேட்டாலும் கேட்ட சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "போன மாத அறிக்கையில் எது கடைசி?" "புதிய லேப்டாப்புக்கு யாரிடம் சொல்ல வேண்டும்?" "இந்த வாடிக்கையாளரை இப்போது யார் பார்க்கிறார்?" பட்டியல் நீளமாகத்தான் தெரியும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேள்விகளே சட்டை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றுக்கான பதில்கள்தான் உங்கள் தளம். மற்றதெல்லாம் பிறகு வரட்டும்.

மெனுவில் நிறுவனத்தின் வரைபடம்

அடுத்த தவறு, துறைகளின் பெயர்களையே மெனுவில் அடுக்குவது. நிர்வாகம், மனிதவளம், நிதி, செயலாக்கம் என்று பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். எந்த நிறுவனம் எதை வடிவமைத்தாலும் அதற்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சு அந்த வடிவமைப்பில் விழுந்துவிடும் என்று கணினி நிரலாளர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். குழுத் தளங்களைப் பார்த்தால் அது இன்றும் உண்மை என்று தெரியும். பயணச் செலவுப் படிவம் மனிதவளத்தில் இருக்கிறதா, நிதியில் இருக்கிறதா என்பது அந்த இரண்டு துறைகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஊரிலிருந்து திரும்பி ரசீதுகளைக் கையில் வைத்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மெனுவை முடிவு செய்யும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துபாருங்கள். தளத்தில் வரப்போகும் முப்பது நாற்பது விஷயங்களைத் துண்டுச் சீட்டுகளில், சீட்டுக்கு ஒன்றாக எழுதுங்கள். திட்டக் குழுவில் இல்லாத ஒருவரை அழைத்து, சேர வேண்டியவற்றைச் சேர்த்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் அவரையே பெயர் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் சிரமம். நான் இப்படிச் செய்தபோது ஒருவர் பயணப் படிவம், விடுதி முன்பதிவு, முன்பண விண்ணப்பம் மூன்றையும் ஒன்றாக வைத்து, மேலே "வெளியூர் போகும்போது" என்று எழுதினார். நாங்கள் மூன்று துறைகளில் பிரித்து வைத்திருந்தவை அவை. அவர் வைத்த பெயரே மெனுவில் ஏறியது.

கிடங்கைப் பெயர்த்து வைப்பது

அணியில் எல்லாரும் கோப்புகளைப் போட்டுவைக்கும் பழைய பகிர்வு டிரைவில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதிய தளத்தில் கொட்டுவதுதான் எனக்குத் தெரிந்த மிகக் கொடிய தவறு. வீடு மாறும்போது குப்பைக் கூடையையும் கட்டி எடுத்துப் போவது போன்றது இது. அதில் 'அறிக்கை இறுதி', 'அறிக்கை இறுதி 2', 'அறிக்கை இறுதி திருத்தியது புதியது' எல்லாம் அப்படியே இருக்கும். தேடுகிறவருக்கு மூன்றும் வந்து நிற்கும். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்து உங்களையே கேட்பார்.

கோப்பின் பழைய வடிவங்களைத் தளமே சேமித்து வைக்கும் பதிப்பு வரலாறு என்ற வசதி இருப்பதே இப்படிப் பெயரில் எண் போடும் பழக்கத்தை ஒழிக்கத்தான். ஒரு கோப்பு, ஒரு பெயர், ஓர் இடம். மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்பு மட்டும் கொடுங்கள், நகல் எடுக்காதீர்கள்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழம் தோண்டுவதிலும் சிக்கல் உண்டு. ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் தளப் பெயர், ஃபோல்டர்கள், கோப்பின் பெயர் எல்லாம் சேர்ந்த பாதை 400 எழுத்துக்குறிகளைத் தாண்டக் கூடாது. நீளநீளமாகப் பெயர் வைத்து ஏழெட்டு அடுக்கு இறங்கினால் அந்த எல்லையில் முட்டிக்கொள்வீர்கள். பெயரில் இடைவெளி விட்டால், இணைப்பை நகலெடுக்கும்போது அது பல இடங்களில் %20 என்று மாறி வாசிக்கவே சகிக்காது. ஒரே நூலகத்தில் (ஷேர்பாயிண்டில் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அதுதான் பெயர்) ஆயிரக்கணக்கில் குவிக்கிறவர்கள் 5,000 என்ற எண்ணையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு பார்வை, அதாவது கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் திரை, ஒரே வீச்சில் அதற்கு மேற்பட்ட உருப்படிகளைப் புரட்ட வேண்டிவந்தால், வடிகட்டுவதும் வரிசைப்படுத்துவதும் தடைபடலாம். நீக்கிய கோப்பு ஷேர்பாயிண்டின் குப்பைத்தொட்டியில் 93 நாள் இருக்கும், அதற்குப் பிறகு போனது போனதுதான். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் திறக்கும் கோப்புகளை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

பூட்டு

அனுமதி விஷயத்தில் இரண்டு விதமான மனிதர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறவர்கள் குறைவு. எதற்கும் இருக்கட்டும் என்று கோப்புக்குக் கோப்பு பூட்டுப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் கழித்து எந்தப் பூட்டை எதற்குப் போட்டோம் என்று போட்டவருக்கே தெரிவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் பயிற்சிக் கையேட்டைத் தேடுகிறார். அவருக்கு அனுமதி இல்லாத கோப்பைத் தேடல் காட்டவே காட்டாது. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சொன்னாலாவது யாரையாவது கேட்பார். அப்படி எதுவும் வராததால், நம்மிடம் கையேடே இல்லை என்று முடிவுகட்டி, தானே ஒன்று எழுத உட்கார்ந்துவிடுகிறார்.

உரிமையாளர்கள், உறுப்பினர்கள், பார்வையாளர்கள் என்று தளத்திலேயே இருக்கும் மூன்று குழுக்கள் பெரும்பாலான அணிகளுக்குப் போதும். சம்பள விவரம் போன்ற ரகசியங்களை உள்ளே ஃபோல்டர் போட்டுப் பூட்டுவதைவிடத் தனித் தளத்தில் வைப்பதே பாதுகாப்பு. உரிமையாளர் எப்போதும் இரண்டு பேராக இருக்கட்டும். ஒரே உரிமையாளர் வேலையை விட்டுப் போனபின் ஒரு வரி திருத்தவும் ஆளில்லாமல் நின்ற தளத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தோற்றத்தைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஆசையில்லை. முகப்பில் தானாக நகரும் படங்கள் வேண்டாம், வெளிர் சாம்பல் பின்னணியில் இன்னும் கொஞ்சம் அடர்ந்த சாம்பலில் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்லும் கணக்கு. இயக்குநரின் வாழ்த்துச் செய்தியை முகப்பிலிருந்து இறக்கத் துணிவு இருந்தால் இறக்கிவிடுங்கள்.

திறப்பதற்கு முன் காட்டிப்பார்க்கிறவர்களும் கேள்வியைத் தப்பாகக் கேட்கிறார்கள். "எப்படி இருக்கிறது?" என்றால் யார்தான் நன்றாக இல்லை என்பார்கள்? அதற்குப் பதில் வேலை கொடுங்கள்: "அடுத்த வாரம் விடுப்பு வேண்டும். என்ன செய்வீர்கள்?" சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். கை எங்கே தயங்குகிறது, எந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளிவந்துவிடும் என்று 2000இல் இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதியது புகழ்பெற்ற வாதம். என் அனுபவத்தில் மூன்றாவது ஆள் வரும்போதே முகம் சிவந்துவிடுகிறது.

தளம் திறந்தபிறகு அதைக் கொல்வது பெரும்பாலும் அணித்தலைவர்தான், அதுவும் நல்லெண்ணத்தோடு. யாராவது படிவம் கேட்டால் அவசரத்துக்கு மின்னஞ்சலில் கோப்பையே இணைத்து அனுப்பிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அந்தப் படிவத்துக்கு இரண்டு உயிர். கேட்டவருக்குப் பக்கத்தின் இணைப்பை அனுப்பியிருந்தால் அடுத்த முறை அவரே போய் எடுத்திருப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதற்குப் பொறுப்பானவர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். தேதி பழசாகிவிட்டால் படிப்பவரே எச்சரிக்கையாக இருப்பார்.

பழைய டிரைவை என்ன செய்வது என்பது மிச்சம். அதை அப்படியே விட்டுவைத்தால் பாதிப் பேர் அங்கேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு தேதியை முன்கூட்டியே அறிவித்து, அன்று முதல் அதை வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றிவிடுங்கள். முதல் வாரம் திட்டு விழும். எந்தக் கோப்புக்காகத் திட்டுகிறார்கள் என்று அந்த நோட்டுப் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டு, அதை மட்டும் புதிய தளத்துக்குக் கொண்டுவாருங்கள்.