டாஸ் காரில் இரண்டு ஆம்ப், ஒரு சப்: ஒயர் இழுக்கும் முறை

போன சனிக்கிழமை காலை அக்கா மகன் தன் டொயோட்டா டாஸைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் நிறுத்தினான். 2004 மாடல். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையில் செய்த வண்டி. பின் சீட்டில் பெட்டி பெட்டியாகச் சாமான்: புது ரேடியோ, கதவு ஸ்பீக்கர்களுக்கு நாலு சானல் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), சப்புக்கென்று தனியாக ஒரு மோனோ ஆம்ப், 12 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர். "மாமா, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றான்.

"ஒயர் எங்கடா?" என்றேன்.

ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டை நீட்டினான். நுனியில் ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய ஒயர். அதே தடிமனுள்ள சுத்தச் செம்பு தாங்கும் கரண்டை இது தாங்காது, சூடும் அதிகம். கடைக்குத் திரும்ப அனுப்பினேன். முகம் சுருங்கியது. ஆனால் ஆம்புக்குப் போட்ட பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்தாவது நல்ல ஒயர் வாங்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் இருக்கிறது.

1998இல் என் பழைய கொரோலாவில் டவுனில் ஒரு கடைக்காரர் ஆம்ப் மாட்டிக் கொடுத்தார். ஃபியூஸை பேட்டரி பக்கத்தில் வைக்காமல் பின்னால் பூட்டில் (ஊரில் டிக்கி என்பார்கள்) ஆம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமலே ஒயரை நுழைத்திருந்தார். நாலு மாதம் வண்டி அதிர்ந்ததில் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. சாட்ஸ்வர்த் சென்டர் பக்கம் ரோபோவில், அதாவது சிக்னலில், நிற்கும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஃபியூஸ் ஒயரின் அந்தக் கடைசியில் இருந்தது, ஷார்ட் ஆனதோ இந்தப் பக்கம். அதனால் ஃபியூஸ் போகவே இல்லை, பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த இடத்தில் கொட்டியது. பானட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கையாலேயே பிய்த்தேன். உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. பின் சீட்டில் அக்கா, அவள் மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் இப்போது டாஸ் வாங்கியிருக்கிறான்.

ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆம்புக்கு அதன் உடம்பிலேயே ஃபியூஸ் உண்டு. நாம் வைக்கும் பெரிய ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றுகிறது, ஒயர் மூலம் வண்டிக்குள் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறது. அதனால் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அது இருந்தாக வேண்டும். முடிந்தால் ஒரு சாண் தூரத்திலேயே வையுங்கள்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், எத்தனை தடிமன் ஒயர்? கணக்கு எளிது. பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்ஸை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் தாளில் ஆர்எம்எஸ் வாட்ஸை, அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைப் பாருங்கள். இவன் மோனோ ஆம்ப் 2 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு) 300 வாட்ஸ். கிளாஸ் டி வகை, சுமார் 80 சதவீதத்தைச் சத்தமாக்கும். 300ஐ 0.8ஆல் வகுத்து, எஞ்சின் ஓடும்போது உள்ள 13.8 வோல்ட்டால் மறுபடி வகுத்தால் 27 ஆம்பியர். நாலு சானல் ஆம்ப் சானலுக்கு 60, மொத்தம் 240 வாட்ஸ். அது கிளாஸ் ஏபி, 60 சதவீதம் என்று வைத்தால் 29 ஆம்பியர். கூட்டினால் 56. ஆகவே பேட்டரியிலிருந்து பூட் வரை 4 கேஜ் சுத்தச் செம்பு ஒயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். பூட்டில் ஒரு பங்கீட்டுக் கட்டை வைத்து அங்கிருந்து ஒவ்வொரு ஆம்புக்கும் 8 கேஜ் (கேஜ் எண் கூடினால் ஒயர் மெலிவு), அந்தக் கட்டையிலேயே ஆளுக்கு ஒரு 40 ஆம்பியர் ஃபியூஸ். ஒயர் மெலிகிற இடத்தில் எல்லாம் சின்ன ஃபியூஸ் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, தற்செயலாகத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். பெரிய ஃபியூஸைக் கூட்டில் போடாமல் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அது உள்ளே போகும்.

தகட்டில் புது ஓட்டை போடுமுன், கம்பெனி ஒயர்கள் நுழையும் ரப்பர் அடைப்பைத் தேடுங்கள். டாஸிலும் அதன் ஓரமாகவே எங்கள் ஒயருக்கு இடம் கிடைத்தது. ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் விளிம்பை அரம் போட்டு மழுக்கி, துருப்பிடிக்காமல் பெயின்ட் தொட்டு, ரப்பர் வளையம் மாட்டிய பிறகே ஒயரை விடுங்கள். அப்புறம் கதவோரப் பிளாஸ்டிக்குகளைக் கழற்றி, கம்பளத்துக்கு அடியில் ஒரு பக்கமாகப் பவர் ஒயரைக் கொண்டுபோங்கள். ரேடியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர்களுக்கு எதிர்ப்பக்கம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு 'ஊய்ங்' சத்தம் ஸ்பீக்கரில் வர வாய்ப்பு அதிகம்.

அந்தச் சத்தத்துக்கு இன்னொரு காரணம் மோசமான எர்த், அதாவது ஆம்பின் மைனஸை வண்டியின் பாடித் தகட்டோடு சேர்க்கும் இணைப்பு. என் அனுபவத்தில் பாதிக் கோளாறு அங்கேதான். பிளஸ் எந்தத் தடிமனோ அதே தடிமனில் மைனஸும் இருக்க வேண்டும், நீளம் 45 சென்டிமீட்டருக்குள். பூட் தரையில் நல்ல கனமான பாடித் தகட்டைத் தேர்ந்தெடுத்து, அடியில் பெட்ரோல் டாங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஓட்டை போடுங்கள். சுற்றிலும் பெயின்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு பளபளக்கச் செய்யுங்கள். ரிங் டெர்மினலை நன்றாக நசுக்கி, போல்ட், பல் வாஷர், நட் வைத்து இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அது உயிரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட். இரண்டு ஆம்புக்கும் எர்த் ஒரே இடத்தில் இருக்கட்டும். இறுக்கிய பின் மேலே வாஸ்லின் பூசுவேன், இந்தக் கடல் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

இதற்குள் அக்கா பன்னி சௌ வாங்கி வந்தாள், கால் ரொட்டியில் மட்டன் குழம்பு ஊற்றியது. கை கழுவிச் சாப்பிட்டுவிட்டு ரேடியோவுக்குப் போனோம்.

டொயோட்டா பிளக்கை வெட்டாதீர்கள். அதற்குப் பொருந்தும் இடைப்பிளக் கடையில் கிடைக்கும். வெளியே வாங்கும் ரேடியோக்களில் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: மஞ்சள் எப்போதும் பவர், சிவப்பு சாவி போட்டால் பவர், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் மாறிப்போனால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் நேரமும் ஸ்டேஷன்களும் அழிந்துபோகும். வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர்தான் ஆம்பை எழுப்பும் ரிமோட். கோடில்லாத நீலம் ஆன்டெனாவுக்கு. சில செட்டுகளில் அது எஃப்எம் கேட்கும்போது மட்டும் உயிரோடிருக்கும், புளூடூத்துக்கு மாறினால் ஆம்ப் தூங்கிவிடும். இரண்டு ஆம்புக்கு ஒரே ரிமோட் ஒயரைப் பிரித்துக் கொடுக்கலாம். மூன்றாவது வந்தால் ரிலே (சின்னக் கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) போடுங்கள். பின்பக்கம் மூன்று ஜோடி ஆர்சிஏ: முன், பின் இரண்டும் நாலு சானலுக்கு, சப் என்று எழுதியது மோனோவுக்கு.

இவன் சப்பில் இரண்டு சுருள், ஒவ்வொன்றும் 4 ஓம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 2 ஓம். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் 8 ஓம். ஆம்ப் 2 ஓம் வரை தாங்கும் என்று தாளில் இருந்ததால் முதல் வழி. இதுவே 2 ஓம் சுருள்கள் என்றால் சேர்த்தால் 1 ஓம் ஆகி இந்த ஆம்பைக் கெடுத்துவிடும். கடையில் வாங்கும்போதே இதைப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்த பிறகு ஃபியூஸ், கடைசியாக பேட்டரி மைனஸ். எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தோம். பேட்டரியில் 14.1, ஆம்பின் முனையில் 14.0. பாட்டுப் போட்டுச் சத்தத்தை ஏற்றும்போது இந்த வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தையும் இணைப்புகளையும் திரும்பப் பாருங்கள்.

கெயின் திருகு சத்தம் கூட்டுவதற்கு என்று எண்ணி முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள், சப் கருகுவது அதனால்தான். ரேடியோ தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதே அதன் வேலை. ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் நேர்கோடு, ரேடியோ வால்யூம் முக்கால். 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 300 பெருக்கல் 2, அதன் மூலம் 24.5. மீட்டரில் 24.5 வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருகி நிறுத்துங்கள். நாலு சானலுக்கு 1000 ஹெர்ட்ஸ் டோன், 60 பெருக்கல் 4 ஓம், மூலம் 15.5. அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். பையன் கையைக் கொண்டுபோவான் என்று தெரியும்.

பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி ஹை பாஸ், சப்புக்கு அதே 80க்கு மேலே போகாதபடி லோ பாஸ். பரிசோதிக்க எனக்குத் தவில்தான். ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஃபோனில் பதிந்தது வேண்டாம், நல்ல பதிவாக ஒன்று வைத்திருக்கிறேன். வலந்தலையின் 'தகதக' முன்னாலும் இடந்தலையின் 'தொம்' பூட்டிலும் தனித்தனியாகக் கேட்டால் லோ பாஸைக் கொஞ்சம் இறக்குங்கள். 'தொம்' மெலிந்து கேட்டால் சப்பின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். எது நிறைந்து கேட்கிறதோ அதுவே சரி. எங்களுக்கு மாற்றிய பிறகுதான் தவில் முன்னால் வந்து உட்கார்ந்தது.

சப் பெட்டியைப் பூட் தரையோடு பட்டை போட்டுக் கட்டினோம். திடீரென்று பிரேக் அடித்தால் இருபது கிலோ பெட்டி முன்னால் பறக்கக் கூடாது. மணி ஆறரை ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன், ஃபியூஸ் கூடு, எர்த் போல்ட், பங்கீட்டுக் கட்டை மூன்றையும் மறுபடி இறுக்க. புது ஒயர் அதிர்வில் படிந்து கொஞ்சம் தளரும்.