ஆறாவது வார ஸ்கேனில் தவறாகப் படிக்கப்படும் வரிகள்

‘பை மட்டும் தெரிகிறது, கரு தெரியவில்லை.’ பை என்பது கர்ப்பப்பைக்குள் கருவைச் சூழ்ந்து வளரும் நீர்ப்பை. அறிக்கையில் இந்த வரியைப் பார்த்ததும் கரு தங்கவில்லை என்று அன்றே முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. அதற்கு முன் நாள் கணக்கைப் பாருங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவர்களுக்குத்தான் பொருந்தும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கருமுட்டை சுமார் ஒரு வாரம் பிந்தி வெளிவரும். அதனால் தாளில் 6 வாரம் என்று இருந்தாலும் வளர்ச்சி 5 வாரத்துக்குரியதாகவே இருக்கும். அப்போது பை மட்டும் தெரிவது இயல்பு. ஐந்தரை வாரத்தில் அந்தப் பையின் உள்ளே, கருவுக்குத் தொடக்கத்தில் ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பை சின்ன வெள்ளை வளையமாகத் தெரியும். 6 வாரத்தையொட்டிக் கருவும் அதன் இதயத் துடிப்பும் தெரியவரும்.

அடுத்தது, அளவைப் பார்க்காமல் ‘துடிப்பு இல்லை’ என்பதை மட்டும் படிப்பது. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் கருவின் நீளம், அதாவது சிஆர்எல், 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாவிட்டால்தான் கரு நின்றுவிட்டதாகக் கொள்வார்கள். பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டியும் உள்ளே கரு இல்லை என்றாலும் அப்படியே. அப்போதும் இன்னொரு வல்லுநர் பார்ப்பதோ, குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பதோ நல்ல முறை. ‘சிஆர்எல் 4.2 மி.மீ., துடிப்பு தெரியவில்லை’ என்று இருந்தால் அது முடிவே அல்ல. இந்தக் கட்டத்தில் கரு நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும், ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேன் என்றால் 14 நாள் இடைவெளி வேண்டும், அதில் தெளிவு குறைவு.

அந்த ஒரு வாரம் தாங்குவது கடினம்தான். அதற்காக ஸ்கேன் படத்தை ஊருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். அசையாத படத்தில் துடிப்பு தெரியாது.

பைக்கு அருகே ரத்தக்கட்டு என்று எழுதியிருந்தாலும், துடிப்பு நன்றாக இருந்தால் பல கர்ப்பங்கள் நலமாகத் தொடர்கின்றன. படுத்தே கிடப்பதால் அது கரையும் என்பதற்கு ஆதாரமில்லை. சினைப்பையில் சிறு நீர்க்கட்டி தெரிவதும் பெரும்பாலும் கர்ப்பத்தின் இயல்பான பகுதியே.

பொறுத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு, ஆனால் கர்ப்பப்பைக்குள் எதுவும் இல்லை. ‘இன்னும் சின்னதாக இருக்கும்’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைக்குழாயில் தங்கியிருக்கலாம். கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தச் சோதனையை 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும். ஒற்றை எண் எதையும் உறுதி செய்யாது. இடையில் ஒருபக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி வந்தால், சிங்கப்பூரில் இருப்பவர்கள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வரிசை எண் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோள் வலிக்கிறது. நேரே கேகே மருத்துவமனையின் மகளிர் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்; மயக்கம் வருவதுபோல் இருந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.