வாரம் மூன்று நாள் டிரெசாஜ், மூன்று நாள் நாவல்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெசாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளுக்குப் பழக்கிச் சவாரி செய்வது) அணி தங்கம் வாங்கிய செய்தியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "நீ கத்துக்கிற அந்தக் குதிரை டான்ஸ்தானே இது?" குதிரையேற்றத்தில் நமக்கு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம் அது என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த கேள்வியில் என்னைக் கீழே இறக்கிவிட்டார். "சரி, அந்த நாவல் என்ன ஆச்சு?"

நாவல் ஏழாவது அத்தியாயத்தில் நான்கு மாதமாகப் படுத்துக் கிடந்தது. நேரம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டதில், நேரம் இருந்தது தெரிந்தது. குதிரைக்கு இருப்பதில் பாதிகூட நாவலுக்கு இல்லை, அவ்வளவுதான். காலை ஆறரைக்கு கிளாஸ் என்றால் அங்கே குதிரை தயாராக இருக்கும், கோச் நிற்பார், கட்டிய பணம் போய்விடும். நாவலுக்காக யாரும் எங்கேயும் நிற்பதில்லை. குதிரைக்குத் தானாக அமைந்துவிடும் இந்த ஏற்பாடுகளை நாவலுக்கு நாமே செய்து கொடுக்க வேண்டும். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில்: ஒரு கிளாஸ் உண்மையில் எவ்வளவு நேரம்?

காலண்டரில் '45 நிமிட கிளாஸ்' என்று குறிக்காதீர்கள். என் கணக்கு இது. பெங்களூரு வீட்டிலிருந்து லாயத்துக்கு விடிகாலையில் 35 நிமிடம். குதிரையைத் தேய்த்துவிட்டு, குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, சேணம் கட்ட 25. சவாரி 45. இறங்கிய பிறகு மூச்சு அடங்கும்வரை நடத்தி, வயிற்றுவார் அழுத்திய இடத்தைக் கழுவி, கடிவாளத்தைத் துடைத்து மாட்ட 30. திரும்பும்போது டிராபிக்கில் 60. மொத்தம் மூன்றேகால் மணி நேரம். வாரத்துக்கு மூன்று கிளாஸ் என்றால் பத்து மணி நேரத்துக்குக் கால் மணிதான் குறைவு.

உங்கள் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். இதைச் செய்யாமல் 'தினமும் ஆயிரம் வார்த்தை' என்று சபதம் எடுத்தால் இரண்டாவது வாரமே படுத்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, மூன்று முறை.

அடுத்து: வாரத்தைப் பிரியுங்கள்

எங்கள் லாயத்தில் திங்கட்கிழமை குதிரைகளுக்கு விடுமுறை. அதனால் செவ்வாய், வியாழன், சனி சவாரி. திங்கள், புதன், வெள்ளி எழுத்து. ஞாயிறு எதுவும் இல்லை, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதைத் தவிர.

அலாரம் ஆறு நாளும் 4.50. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குதிரைக்காக எழுகிற உடம்பு கதைக்காகவும் எழும், நேரம் மாறாமல் இருந்தால். சவாரி நாளில் புதிய காட்சி எழுத முயல வேண்டாம். தொடையும் முதுகும் வலித்துக்கொண்டிருக்கும், மூளை இன்னும் அரேனாவிலேயே (சவாரி மைதானம்) சுற்றிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி பழைய பக்கம் ஒன்றைத் திருத்தினால் போதும். குதிரையைக் கையில் பிடித்து நடத்தும்போது ஏதாவது வசனம் தோன்றினால், லாயத்தில் கட்டிவிட்டு வந்து போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கையில் குதிரை, மறு கையில் போன் என்று மட்டும் நிற்காதீர்கள்.

எழுத்து நாளை ஒரு கிளாஸ் மாதிரி நடத்துங்கள்

எந்தக் கோச்சும் குதிரையை லாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்ததும் கேண்டரில் (பாய்ச்சலைவிடக் குறைந்த வேக ஓட்டம்) ஓட்டச் சொல்வதில்லை. முதல் பத்து நிமிடம் ரெயினை (கடிவாள வார்) தளர்த்திவிட்டு வெறும் நடை. அப்புறம் டிராட் (நடைக்கும் கேண்டருக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்), வட்டங்கள், அன்றைக்கு உரிய வேலை, நடுவில் ஓய்வு. கடைசியில் மறுபடி நடை.

என் எழுத்து மேசையிலும் இதே வரிசைதான். முதல் பத்து நிமிடம், கடைசியாக எழுதிய பத்தியைக் கையால் திரும்ப ஒரு முறை எழுதுவேன். அசட்டு வேலை மாதிரி தெரியும், செய்து பாருங்கள்: நான்காவது வரியில் கை தானாகவே ஒரு சொல்லை மாற்றும், கதைக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு முப்பது நிமிடம் புதிதாக எழுதுவது. கடைசி ஐந்து நிமிடம் அடுத்த முறை எழுத வேண்டிய முதல் வாக்கியத்தைக் குறித்து வைப்பது. 45 நிமிடம் ஆனதும் எழுந்துவிட வேண்டும்.

எழுந்துவிடுவதுதான் கஷ்டம். நான் சவாரி செய்யும் குதிரைக்கு 17 வயது. ரேஸிலிருந்து ஓய்வு பெற்றவன், லாயத்தில் அவனை 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். வலது பக்கம் கேண்டர் எடுப்பது அவனுக்குச் சிரமம். ஒரு நாள் மூன்றாவது முயற்சியில் அழகாக எடுத்தான். "போதும், இறங்கிடுங்க" என்றார் கோச். நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று குதிரையிடம் எட்டோ பத்தோ முறை கேட்டேன். வால் விசிறத் தொடங்கியது, காது பின்னால் மடங்கியது, கடைசியில் மூலைக்குப் போய் நின்றுவிட்டான். அடுத்த கிளாஸில் நான் சேணத்தோடு வருவதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். ஏழாவது அத்தியாயத்தையும் நான் இப்படித்தான் கெடுத்திருந்தேன்: நன்றாக வந்த ஒரு காட்சியை ராத்திரி இரண்டு மணிவரை நீட்டி, மறுநாள் அதைத் திறக்கவே பிடிக்காமல் போனது.

சுமார் 2,400 வருடங்களுக்கு முன்னால் கிரேக்கத்தில் செனபோன் என்றொருவர் இருந்தார். படைவீரர், வரலாறும் எழுதினார், குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். நம் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்த மூத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். குதிரையை வற்புறுத்திச் செய்ய வைத்தால் அது புரிந்துகொண்டு செய்வதாக ஆகாது, நடனமாடுகிறவரைச் சாட்டையால் அடித்து ஆட வைத்தால் ஆட்டம் அழகாக இருக்குமா என்று கேட்கிறார்.

தாளமும் ஒரு வட்டமும்

டிரெசாஜ் என்றால் பிரெஞ்சில் பழக்குதல், அவ்வளவுதான். ஜெர்மானிய முறையில் பயிற்சிக்கு ஆறு படிகள் சொல்வார்கள். முதல் படி தாளம். தொடங்கும்போது அந்த ஒன்றைப் பார்த்தால் போதும், மற்ற ஐந்தும் பின்னால் வரும்.

நடைக்கு நான்கு அடி, டிராட்டுக்கு இரண்டு, கேண்டருக்கு மூன்று. நான் கொன்னக்கோலில் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) எண்ணுகிறேன்: நடைக்கு தகதிமி, டிராட்டுக்கு தக தக, கேண்டருக்கு தகிட. வாய்விட்டுச் சொன்னால் நாமும் மூச்சை அடக்கிக்கொள்ள மாட்டோம். தகிட எப்போது குழறுகிறதோ அப்போது குதிரையின் தாளமும் உடைந்திருக்கும். எழுதிய பத்தியையும் வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடம் தெரிந்துவிடும்.

அப்புறம் வட்டம். சின்ன அரேனா 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். ஓரங்களில் எழுத்துகள் நட்டிருப்பார்கள். நுழைவாயில் 'ஏ', எதிர்முனை 'சி', நட்டநடு 'எக்ஸ்'. 'ஏ'யில் 20 மீட்டர் வட்டம் போடச் சொன்னால், அது நான்கே இடத்தில் தொட வேண்டும்: 'ஏ', நீளப் பக்கம் ஒன்றில் மூலையிலிருந்து பத்தாவது மீட்டர், 'எக்ஸ்', எதிர்ப்பக்கத்தில் அதே பத்தாவது மீட்டர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மூலைக்குள் போய்விடுவோம், வட்டம் முட்டையாகிவிடும். கோச் என்னை நான்கு இடத்திலும் கூம்பு வைத்துச் சுற்றவிட்டார். அடுத்த கூம்பை மட்டும் பார், அதைத் தாண்டி யோசிக்காதே என்றார்.

அன்றிலிருந்து ஒரு காட்சிக்கும் நான்கு கூம்புதான் வைக்கிறேன். யார் உள்ளே வருகிறார், என்ன கேட்கிறார், எது கிடைக்கவில்லை, எப்படி வெளியே போகிறார். துண்டுச் சீட்டில் நான்கு வரி. என் நாவல் காரைக்குடியில் ஒரு வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றியது. மொத்தக் குடும்பத்தையும் ஒரே மூச்சில் யோசித்தால் தலை சுற்றும், நான்கு வரி என்றால் எழுதிவிடலாம்.

புதிய குதிரையும் முதல் வரைவும் ஒரே சமயத்தில் வேண்டாம்

கிளாஸுக்குப் போவது வேறு, குதிரையைப் பழக்குவது வேறு. ஆறு மாதம் கற்றதும் "இந்தப் புதுக் குதிரையை நீங்க பழக்கலாமே" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். கற்றுக்குட்டி ஆளும் கற்றுக்குட்டிக் குதிரையும் சேர்ந்தால் இருவருக்கும் அடிபடும். நம் ஊர் சவாரிப் பள்ளிகளில் ரேஸிலிருந்து வந்த குதிரைகள் நிறைய. ரெயினை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போக அவை பழகியிருக்கும். நீங்கள் பயந்து இழுப்பீர்கள், அது அதை 'ஓடு' என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் மாற மாதக்கணக்கில் ஆகும், அதற்கு அனுபவம் உள்ள கை வேண்டும். நீங்கள் கோச் பக்கத்தில் இருக்கும்போது தரையில் நின்று நடத்துவது, நிறுத்துவது, நீளக் கயிற்றில் இரு பக்கமும் சுற்றவிடுவது என்று தொடங்கலாம். ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும், வட்டத்தில் சுற்றுவது மூட்டுகளுக்குப் பாரம்.

முதல் வரைவு எழுதும் மாதங்களில் 'தாத்தா' மாதிரி வயசான, தெரிந்த குதிரை போதும். திருத்தும் மாதங்களில் புதுக் குதிரையைத் தொடுங்கள்.

விழுந்தால்

விழுவீர்கள். நான் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். நாவலை முடித்துவிடலாம் என்று முதலில் சந்தோஷம்கூட வந்தது. தட்டச்சு செய்கிற கையும் அதுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை. போனில் பேசித் தமிழில் தட்டச்சாக்கும் வசதியை அப்போதுதான் கற்றேன், வசனங்கள் அதில் நன்றாக வருகின்றன. தலையில் அடிபட்டால் வலி இல்லையென்றாலும் டாக்டரைப் பாருங்கள், அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

குதிரையை நாவலுக்குள் ஏற்றுவது பற்றி

கற்றதையெல்லாம் கதையில் கொட்டத் தோன்றும். என் பெரியப்பா பாத்திரம் ஒரு வரைவில் காரணமே இல்லாமல் குதிரை வளர்த்தார், வெட்டிவிட்டேன். சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: குதிரை நடந்தால் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர், பாய்ச்சலில் 40-ஐத் தாண்டும், ஆனால் சில கிலோமீட்டருக்குத்தான். நன்றாகத் தயாரான குதிரைகள், நடுநடுவே மருத்துவர் பரிசோதித்து அனுப்ப, ஒரு நாளில் 160 கிலோமீட்டர் போகும் போட்டிகள் உண்டு. உங்கள் கதாநாயகன் தஞ்சாவூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரே ராத்திரியில் ஒரே குதிரையில் போகிறான் என்றால், வழியில் குதிரை செத்திருக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு

இரண்டுக்கும் சேர்த்து ஒரே நோட்டு. இடது பக்கம் குதிரை, வலது பக்கம் நாவல். 'இன்று நன்றாக இருந்தது' என்று எழுதுவதில் பயன் இல்லை, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். என் நோட்டில் போன வாரம் இப்படி இருக்கிறது.

இடது: "வியாழன். வலது கேண்டர், இரண்டாவது தடவையில் எடுத்தான். இடது காது என் பக்கம். மூக்கால் ஊதினான். உடனே இறங்கிவிட்டேன். கொள்ளு மிச்சம் வைத்திருக்கிறான், சைஸ் அண்ணனிடம் சொல்ல வேண்டும்."

வலது: "வெள்ளி. 310 வார்த்தை. சின்ன அத்தை சாவிக்கொத்தை மேசையில் வைக்கிறார், யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை முதல் வரி: 'சாவி ஏழு இருந்தது, பூட்டு ஆறுதான்.'"