உப்புக் காற்றுக்கு அசராத ஊதாப்பூ: நொச்சிப் போத்து நடுவது எப்படி?

கொத்துக் கொத்தாக ஊதாவில் பூத்த லைலாக் என்ற குளிர்நாட்டுச் செடியின் படத்தைப் பார்த்துவிட்டு நம் ராமநாதபுரம் கடலோரத்தில் அது வருமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வராது. குளிர்காலம் முழுக்க நல்ல குளிர் பட்டால்தான் அது ஒழுங்காகப் பூக்கும், மண்டபம் ஊரில் மார்கழியிலேயே நமக்கு வியர்க்கிறது. அந்த ஊதாதான் வேண்டுமென்றால் நொச்சி வையுங்கள், ஆடுகூட வாய் வைக்காது.

முதல் வேலை போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டுவது. ஐப்பசி மழை தொடங்கியதும் விரல் தடிமனில் முற்றிய கிளையாகப் பார்த்து ஒரு அடி நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டினால் நடும்போது தலைகீழாகிவிடாது. இலைகளை உருவிவிடுங்கள்.

அப்புறம் குழி. ஒன்றரை அடி ஆழம் போதும். உச்சிப்புளிப் பக்கம் மாதிரி வெறும் மணலாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், அதனால் கண்மாய் வண்டலும் மக்கிய சாண எருவும் கலந்து நிரப்பி, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டுச் சுற்றிலும் மிதித்து இறுக்குங்கள். வேலிக்கு என்றால் இரண்டடிக்கு ஒன்று, மரமாக வளர்க்க எட்டடியாவது விடுங்கள்.

தண்ணீர்தான் நம் ஊரில் பெரிய பாடு. போர் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு, இளம் வேருக்கு ஆகாது. வேர் பிடிக்கும்வரை ஊருணித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். முதல் வருஷம் காற்றுக்கு மறைப்பும் வேண்டும்: தொண்டி, தேவிபட்டினம் பக்கம் உப்பை அள்ளி வருவது வாடைக்காற்று, கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் தென்காற்று, எது உங்கள் துளிரைக் கருக்குகிறதோ அந்தப் பக்கம் பனையோலையை நட்டு வையுங்கள். தழைத்துவிட்டால் ஓலையை எடுத்துவிடலாம்.

சரி, பூ? பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நொச்சி புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும், வெட்டாமல் விட்டால் புதராகிப் பூ குறைந்துவிடும். மரமாக வேண்டுமென்றால் ஒரே தண்டை விட்டுவிட்டு அடியில் கிளம்புகிறதையெல்லாம் கிள்ளுங்கள். வருஷா வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள், தயங்காதீர்கள். வெட்டிய தழையில் கொஞ்சம் ஆவி பிடிக்க, கொஞ்சம் நிழலில் உலர்த்தி நெல் மூட்டைக்கு இடையில் வைக்க, மிச்சம் சாயங்காலம் கொசுவுக்குப் புகை போட.