உத், ரே, மி: ஐந்நூறு ஆண்டு ஐரோப்பிய இசையைப் பாடிப் பார்த்தே கற்றுக்கொள்ள ஏழு படிகள்

மேற்கத்திய இசையைக் கற்க உட்காருகிற பலர் முதல் வாரத்திலேயே ஸ்வரங்களை எழுதும் அந்த ஐந்து கோடுகளில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள். கோடு எதற்கு, காலியாக ஒரு புள்ளி, கறுப்பாக ஒரு புள்ளி எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. மனப்பாடம் செய் என்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு கண்டுபிடித்தவை. எந்த வரிசையில் கண்டுபிடித்தார்களோ அதே வரிசையில் நாமும் பாடிக்கொண்டே போனால், பாடம் தானாக மனதில் உட்காரும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதனால் இந்த விளக்கத்தை இடைக்கால ஐரோப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

தேவையானவை: உங்கள் குரல், ஒரு கீபோர்டு அல்லது மொபைலில் ஒரு பியானோ ஆப், ஒரு தம்புரா ஆப். நான்காம் படியிலிருந்து கூடப் பாட ஒருவர் வேண்டும்.

படி 1: 'ஒரு கட்டை' எங்கே?

கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கிற இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டைதான் சி. நம் ஊரில் 'ஒரு கட்டை சுருதி' என்பது இதைத்தான். அங்கிருந்து வலப்பக்கமாக வெள்ளையிலேயே போங்கள்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. சியை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள் வந்துவிடும்.

இப்போது உற்றுப் பாருங்கள். ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் கறுப்பு இல்லை. பிக்கும் மேல் சிக்கும் நடுவிலும் இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் இடைவெளி பாதிதான். 'ச ரி' என்று மெதுவாகப் பாடிவிட்டு, 'க ம' என்று பாடுங்கள். இரண்டாவதில் குரல் ஏறும் தூரம் குறைவு என்று தொண்டைக்கே தெரியும். இந்த அரை இடைவெளி எங்கே விழுகிறது என்பதுதான் இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

படி 2: கைடோவிடம் ஒரு பாட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர், 'ஒலிகளை எழுதிவைக்க முடியாது. மனிதன் நினைவில் வைக்காவிட்டால் அவை அழிந்துபோகும்' என்ற கருத்தை எழுதினார். அன்றைய நிலைமை அதுதான். பின்னர் மடங்களில் பாட்டு வரிக்கு மேலே சின்னச் சின்னக் கீற்றுகள் போட ஆரம்பித்தார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கீற்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஏற்கெனவே பாடம் ஆனவருக்கு அது நினைவூட்டல், புதிதாக வருபவருக்குப் புதிர்.

இதைத் தீர்த்தவர் கைடோ என்ற துறவி. முதலில் பொம்போசா மடத்தில் இருந்தார். அங்கே இருந்தவர்களின் பொறாமை தாங்காமல் அரெட்ஸோ நகருக்கு வந்தார். சுமார் 1026இல் 'மைக்ரோலோகஸ்' என்ற இசை நூலை எழுதினார். கோடுகளைக் கிழித்து, எஃப் கோட்டுக்குச் சிவப்பு, சி கோட்டுக்கு மஞ்சள் தீட்டினார். ஏன் இந்த இரண்டும்? இரண்டுக்கும் அடியில்தான் அரை இடைவெளி இருக்கிறது. படிக்கட்டில் கால் இடறும் இடத்தில் வண்ணம் பூசிவைப்பது போன்ற வேலை. இன்று அந்த ஐந்து கோடுகளின் ('ஸ்டாஃப்') தொடக்கத்தில் சுருட்டிச் சுருட்டிப் போடும் அந்த 'கிளெஃப்' குறிகளும் வேறில்லை. ஜி, எஃப், சி என்ற எழுத்துகள்தான் காலப்போக்கில் அப்படி வளைந்துபோயின.

அடுத்து அவர் செய்தது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. திருமுழுக்கு யோவானைப் பற்றி 'உத் குவேயாந்த் லாக்சிஸ்' என்று தொடங்கும் ஒரு லத்தீன் துதி. அதில் முதல் ஆறு துண்டுகளும் ஒவ்வொரு ஸ்வரம் மேலேறி மேலேறித் தொடங்கும். அந்தத் துண்டுகளின் முதல் அசைகள்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. உத் பிற்காலத்தில் 'தோ' ஆயிற்று. ஏழாவது அசையான 'சி'யும் (கீபோர்டின் சி கட்டை அல்ல) பிறகு சேர்ந்ததுதான். இவற்றில் மி-ஃபா நடுவே மட்டும் அரை இடைவெளி, மற்றதெல்லாம் முழு. மாணவனுக்கு ஒரு பாட்டு மனப்பாடம் ஆனால் போதும், ஆறு ஸ்வரமும் கையில்.

சியை ச என்று வைத்து முதல் இரண்டு துண்டுகளைப் பாடுங்கள்:

உத் - குவே - யாந்த் - லாக் - சிஸ்: ச - ரி - ம - ரிக - ரி

ரே - சோ - நா - ரே - ஃபீ - ப்ரிஸ்: ரி - ரி - ச - ரி - க - க

கமகம் வேண்டாம். ஸ்வரத்தைத் தொட்டு நேராக நில்லுங்கள். தாளமும் வேண்டாம், விருத்தம் பாடுகிறபோது சொல் போகிற போக்கில் விடுவோமே, அப்படி. பத்து முறை பாடினால் பதிந்துவிடும்.

முன்பு பத்து ஆண்டு படித்தும் அரைகுறையாக வந்த வித்தை தன் முறையில் ஓர் ஆண்டில், மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டில் கைகூடுகிறது என்று கைடோ ஒரு கடிதத்தில் எழுதுகிறார். போப் பத்தொன்பதாம் ஜான் அவரை ரோமுக்கு அழைத்து, அந்தக் கோடு போட்ட புத்தகத்தைப் புரட்டி, தான் அதுவரை கேட்டேயிராத ஒரு வரியைத் தானே பாடிப் பார்த்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு எழுந்தாராம். கேட்காத பாட்டைத் தாளைப் பார்த்துப் பாடுவது! அந்தக் கணத்தில் அந்த அறையில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

படி 3: அதே வெள்ளைக் கட்டைகள், வேறு வீடு

அந்தத் துதி கடைசியில் ரி மேல், அதாவது டியில் போய் அமர்கிறது. ஆகவே டியை வீடாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் டியிலிருந்து மேல் டி வரை வாசியுங்கள். கர்நாடக இசை கேட்ட காதுக்கு உடனே தெரியும்: கரகரப்ரியா. நாம் கிரகபேதம் என்பதைத்தான் இங்கே செய்கிறோம். ஈயில் தொடங்கினால் தோடி, எஃப்பில் கல்யாணி, ஜியில் ஹரிகாம்போஜி. இடைக்காலத் திருச்சபை இசை இந்த நான்கு வீடுகளை வைத்துத்தான் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து மேலே போகிற வகை, வீட்டைச் சுற்றி மேலும் கீழும் உலவுகிற வகை என்று இரண்டு. மொத்தம் எட்டு 'மோடு'கள்.

ஸ்வர வரிசைதான் ஒன்று, ராகம் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். டியை வீடாகக் கொண்ட 'டோரியன்' மோடில் கரகரப்ரியாவின் பிடிகளைத் தேடினால் கிடைக்காது.

சியில் தொடங்கும் சங்கராபரணமும் ஏயில் தொடங்கும் நடபைரவியும் அந்தப் பட்டியலில் இல்லை. 1547இல் பாசல் நகரத்தில் வெளியான தன் நூலில் கிளாரியானஸ் என்ற அறிஞர்தான் அவற்றையும் சேர்த்து மோடுகளைப் பன்னிரண்டு ஆக்கினார். கடைசியாக உள்ளே வந்த அந்த இரண்டுதான் பின்னர் 'மேஜர்', 'மைனர்' என்று வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டன.

இந்தப் படியில் கேட்க வேண்டியது ஹில்டகார்ட் (1098–1179). ரைன் நதிக்கரையில் பெண் துறவிகளின் மடத்தை நடத்தியவர். ஒற்றைக் குரல்தான், ஆனால் அவர் மெட்டுகள் சாதாரணத் துதிகள் போகாத உயரத்துக்குத் தாவும்.

படி 4: இரண்டாவது குரல்

கூடப் பாடுபவரை அழையுங்கள். நீங்கள் படி 2இன் மெட்டை அப்படியே பாடுங்கள். அவர் அதே மெட்டைப் பஞ்சமத்திலிருந்து பாடட்டும்: ப - த - மேல் ச - தநி - த, த - த - ப - த - நி - நி. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் சொல் மாற்ற வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டு நூல்களிலேயே இந்த வித்தை விளக்கப்பட்டிருக்கிறது, பெயர் 'ஆர்கனம்'. கல்லால் கட்டிய பெரிய அறையில் பாடினால் சுவர்களே சேர்ந்து பாடுவதுபோல் இருக்கும். வீட்டில் குளியலறை போதும்.

ச-ப ஏன் இப்படி ஒட்டுகிறது? கீழ்க்குரல் இரண்டு முறை அதிரும் நேரத்தில் மேல்குரல் மூன்று முறை அதிர்கிறது. அத்தனை எளிய விகிதம் காதுக்கு ஓய்வாகப் படுகிறது.

படி 5: காலத்தை அளப்பது

இரண்டு குரலும் சேர்ந்தே நகரும்வரை தாளம் தேவைப்படவில்லை. பாரிசில் நோத்ர-தாம் பேராலயம் 1163இல் எழத் தொடங்கியது. அங்கே லெயோனின் என்பவரோடு சேர்த்துச் சொல்லப்படும் இசையில் கீழ்க்குரல் பழைய மெட்டின் ஒரே ஸ்வரத்தை நெடுநேரம் பிடித்து நிற்கும், மேல்குரல் அதன் மேல் விளையாடும். பிடித்து நிற்பவர் 'டெனர்'. லத்தீனில் 'தெனேரே' என்றால் பிடித்தல். அடுத்து வந்த பெரோட்டின் இதை நான்கு குரலாக்கினார். மேலே மூவர் ஆடும்போது யார் எப்போது எங்கே என்று அளவு வேண்டாமா? நெடில்-குறில், நெடில்-குறில் என்ற அடுக்குகள் வந்தன. நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று, கூட்டினால் மூன்று: நம் திஸ்ரம். தொடையில் தட்டிக்கொண்டே 'தாஅ-க, தாஅ-க' என்று சொல்லிப் பாருங்கள். பெரோட்டினின் 'விதெருந்த் ஓம்னெஸ்' (1198 அளவில்) கேட்டால் அந்த ஆட்டம் உடனே பிடிபடும்.

ஸ்வரக்குறியின் வடிவமே அதன் நீளத்தைச் சொல்லட்டும் என்று 1280 அளவில் கொலோன் நகரத்து ஃபிராங்கோ முறைப்படுத்தினார். காலிப் புள்ளி, கறுப்புப் புள்ளி எல்லாம் அந்த வழியில் வந்தவை. மூன்றாகப் பிரிவதுதான் 'முழுமை' என்று அன்று கருதினார்கள், திரித்துவத்தை மனதில் வைத்து. பதினான்காம் நூற்றாண்டில்தான் இரண்டாகப் பிரிப்பதற்கும் சம மரியாதை கிடைத்தது. மூன்றுக்கு முழு வட்டம், இரண்டுக்கு உடைந்த அரை வட்டம் என்று குறி வைத்தார்கள். இன்றும் நான்கு எண்ணிக்கைப் பாட்டின் தொடக்கத்தில் ஆங்கில சி போல ஒன்று தெரியுமே, அது சி எழுத்தல்ல. அந்த உடைந்த வட்டம்தான்.

பயிற்சி: ஆறு எண்ணிக்கை. ஒருவர் 3+3 ஆகவும் மற்றவர் 2+2+2 ஆகவும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

படி 6: தம்புராவுக்குள் இருந்த காந்தாரம்

இனி கீபோர்டை மூடிவிட்டுத் தம்புராவை வையுங்கள். சுருதி நன்றாகச் சேர்ந்த தம்புராவில் ச, ப தவிர யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க) மெல்ல மிதக்கும். அதைக் கேட்டுப் பிடித்து, அதோடு குரலைச் சேருங்கள். ச-வுக்கும் அதற்கும் விகிதம் 4:5.

இடைக்கால அறிஞர்கள் காந்தாரத்தை வேறு வழியில் கணக்கிட்டார்கள். பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக ஏறி அடைந்தால் 64:81 வருகிறது. தம்புரா தருவதை அதே கணக்கில் எழுதினால் 64:80. அந்த ஒரு புள்ளி மிச்சம் காதில் உறுத்தும். அதனால் காந்தாரத்தில் முழு ஓய்வு இல்லை என்று எண்ணி, பாட்டை ச-ப என்ற வெறும் கூட்டில் முடித்தார்கள். மாஷோ (இறப்பு 1377) இயற்றிய நான்கு குரல் திருப்பலி இசையைக் கேளுங்கள். முடிவுகளில் அந்தக் குளிர்ந்த வெறுமை தெரியும்.

ஆங்கிலேயப் பாடகர்களுக்குக் காந்தாரம் பிடித்திருந்தது. ஜான் டன்ஸ்டபிள் (இறப்பு 1453) போன்றோர் இசையில் ச-க-ப சேர்ந்து ஒலிக்கும் இனிமை கடல் தாண்டி ஐரோப்பாவுக்குள் போனது. அதைப் பற்றிக்கொண்டவர்களில் ஒருவர் கியோம் டுஃபே. 1436 மார்ச் 25 அன்று ஃபுளோரன்ஸ் பேராலயத்தை அர்ப்பணித்த விழாவுக்கு அவர் எழுதிய 'நூபெர் ரோசாரும் ஃப்ளோரெஸ்' கேட்டுவிட்டு மாஷோவுக்குத் திரும்புங்கள். ஜன்னலைத் திறந்ததும் வெயில் வருவதுபோல வித்தியாசம் தெரியும். மறுமலர்ச்சிக் கால இசை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காந்தாரம்தான்.

நவீன கீபோர்டின் காந்தாரம் தம்புராவினுடையதைவிடச் சற்று உயரம். இந்தப் படிக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

படி 7: ஒருவர் பின் ஒருவர்

இருவரும் ஒரே ஆரோகணத்தைச் சம வேகத்தில் பாடுங்கள்: ச ரி க ம ப த நி மேல் ச. ஆனால் முதலாமவர் க தொடும்போதுதான் இரண்டாமவர் ச தொடங்க வேண்டும். வழியெல்லாம் காந்தார இடைவெளி இனிக்கும். முதலாமவர் மேல் ச போய் நின்றுவிடட்டும். இரண்டாமவர் த-வில் இருப்பார், அடுத்து நி. அங்கே ஒரு கணம் உரசும். உடனே அவரும் மேல் ச வந்து சேர, உரசல் கரையும். அந்த நி-யில் கொஞ்சம் நீட்டி நின்று பாருங்கள், முடிவு எவ்வளவு நிம்மதி என்று தெரியும். உரசல் பக்கத்து ஸ்வரத்திலிருந்து படியாக வர வேண்டும், படியாகவே தீர வேண்டும்: பதினாறாம் நூற்றாண்டின் பல குரல் இசைக்கு இதுதான் உயிர் விதி.

ஜோஸ்கன் (இறப்பு 1521) எழுதிய 'ஆவே மரியா... விர்கோ செரேனா' தொடக்கத்தில் உச்சக் குரல் ஒரு மெட்டைத் தொடங்க, அடுத்தடுத்து மற்ற மூன்று குரல்களும் அதையே பிடித்துக்கொண்டு உள்ளே வரும். வெனிசில் பெத்ருச்சி 1501இல் பல குரல் இசையை அச்சிடத் தொடங்கினார். கோடு, ஸ்வரம், சொல் என்று ஒரே தாளை மூன்று முறை அச்சில் ஏற்றினார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட முதல் மோட்டெட் (பல குரல் லத்தீன் சமயப் பாட்டு) தொகுப்பில் முதலில் நின்றது இந்தப் பாட்டுதான்.

குரல்கள் இப்படிப் பின்னிக்கொண்டதில் சொல் மறைந்துபோகிறது என்ற குறையும் எழுந்தது. 1555இல் வெறும் 22 நாள் போப்பாக இருந்த இரண்டாம் மார்செல்லஸ், பெரிய வெள்ளியன்று தன் பாடகர்களை அழைத்து, சொல் புரியும்படி பாடச் சொன்னார். அவர் பெயரைத் தாங்கிய பலெஸ்த்ரீனாவின் ஆறு குரல் திருப்பலி இசை 1567இல் அச்சானது. அதன் முதல் பகுதி 'கீரியே' நாலைந்து நிமிடம்தான். முதல் முறை உச்சக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்: ஒரே ஸ்வரத்தில் தயங்கி நின்று, ஒரு தாவு தாவி, தாவிய இடத்திலிருந்து படிப்படியாக இறங்கும். இரண்டாம் முறை அடிக்குரலோடு போங்கள். மூன்றாம் முறை கூடவே ஏதாவது ஒரு குரலைத் தாழ்ந்த குரலில் பாடுங்கள். நடுவில் பாதை தவறினால் நிறுத்த வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அதே மெட்டோடு இன்னொரு குரல் வரும், அதில் ஏறிக்கொள்ளுங்கள்.