புதிய புவியியல் ஆசிரியருக்கு: எந்தச் சங்கத்தில் சேர்வது, எங்கிருந்து தொடங்குவது?

புவியியல் வளங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேமித்து வைத்தால் எதையும் திறக்க மாட்டீர்கள். அதனால் அடுத்த வாரம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்றை முடிவு செய்துகொண்டு, அதற்காக மட்டும் தேடுங்கள்.

1. ஒரே ஒரு சங்கம்

பிரிட்டனின் ஜியோகிராஃபிகல் அசோசியேஷன் 1893-ல் தொடங்கியது. பாடம் நடத்த உதவும் விளக்குப் படங்களை (விளக்கொளியில் திரையில் காட்டும் கண்ணாடிச் சில்லுப் படங்கள்) பள்ளிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவது என்ற அந்த வழக்கம் இன்றும் அங்கே உண்டு. உயர்நிலை வகுப்பு எடுப்பவர்கள் அவர்களுடைய 'டீச்சிங் ஜியோகிராஃபி' இதழைப் பாருங்கள். தொடக்க வகுப்புகளுக்குத் தனி இதழ் இருக்கிறது.

அமெரிக்காவில் 1915-ல் உருவான என்.சி.ஜி.இ. (நேஷனல் கவுன்சில் ஃபார் ஜியோகிராஃபிக் எஜுகேஷன்), ஆஸ்திரேலியாவில் ஏ.ஜி.டி.ஏ. (ஆஸ்திரேலியன் ஜியோகிராஃபி டீச்சர்ஸ் அசோசியேஷன்) ஆகியவையும் ஆசிரியர்களுக்கான அமைப்புகளே. லண்டனின் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டி இவற்றைவிடப் பழையது, 1830. ஆய்வாளர்கள் நிறைந்த இடம் என்றாலும் பள்ளிகளுக்கான பகுதியும் வைத்திருக்கிறது. உங்கள் பாடத்திட்டத்துக்கு நெருக்கமான ஒன்றில் சேருங்கள், போதும். பயிற்சி ஆசிரியர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பன்னாட்டுப் புவியியல் ஒன்றியம் 1992-ல் வெளியிட்டு, 2016-ல் புதுப்பித்த புவியியல் கல்விச் சாசனத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சிறியதுதான். "புவியியல் எதற்கு?" என்று பெற்றோரோ தலைமை ஆசிரியரோ கேட்கும்போது கைகொடுக்கும்.

2. சொந்தமாக ஒரு வரைபடம்

வரைபடம் வரைய என் தேர்வு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற கணினி மென்பொருள். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இணையம் இல்லாமலும் ஓடும். நீண்டகால ஆதரவுப் பதிப்பையே இறக்குங்கள்.

வரைபடத் தரவுக்கு நேச்சுரல் எர்த் (Natural Earth) தளம். அங்கே 10எம், 50எம், 110எம் என்று மூன்று வகை இருக்கும். இந்த 'எம்' மீட்டர் அல்ல, மில்லியன். 110எம் என்றால் அளவை 1:11 கோடி. உலகப் படத்துக்கு இதுவே சரி.

நாடுகள் கோப்பை இறக்கியதும் ஜிப்பைப் பிரிக்காமல், அப்படியே கியூஜிஐஎஸ் திரையில் இழுத்துப் போடுங்கள். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த ஜிப்புக்குள் இருக்கும் ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவு ஒரே கோப்பல்ல, பல கோப்புகளின் தொகுப்பு. எஸ்எச்பி (.shp) கோப்பில் வடிவம், டிபிஎஃப் (.dbf) கோப்பில் அட்டவணை, பிஆர்ஜே (.prj) கோப்பில் ஆயத்தொலை முறை. எஸ்எச்பி-யை மட்டும் தனியே எடுத்து வேறு இடத்தில் வைத்தால் படம் திறக்காது, அல்லது அட்டவணை இல்லாமல் திறக்கும்.

படம் வந்ததும் வடக்கே உள்ள நாடுகள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் இபிஎஸ்ஜி:4326 (EPSG:4326) என்ற ஆயத்தொலை முறைக் குறியீடு இருப்பதைச் சொடுக்கி, தேடல் பெட்டியில் 8857 என்று அடியுங்கள். அது 2018-ல் அறிமுகமான ஈக்குவல் எர்த் கோட்டுச்சட்டம் (உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் காட்டும் முறை, ப்ரொஜெக்ஷன்). பரப்பளவை மாற்றாமல் காட்டும். கிரீன்லாந்தைப் போல ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. இணைய வரைபடங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பார்த்துப் பழகிய மாணவர்கள் முன்னால் இணைய வரைபடத்தையும் இந்தப் படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, "எது உண்மை?" என்று மட்டும் கேளுங்கள். கோட்டுச்சட்டம் பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

3. மாற்றத்தைக் காட்ட

நாசாவின் செயற்கைக்கோள் படத் தளமான வேர்ல்ட்வியூ (Worldview) உலாவியிலேயே இயங்கும். ஏரல் கடலுக்குப் போய், ஒப்பிடும் வசதியைத் திறந்து, ஒரு பக்கம் 2000 ஆகஸ்ட், மறுபக்கம் அண்மைய ஆகஸ்ட் தேதி ஒன்றை வையுங்கள். நடுக்கோட்டை இழுத்தால் நீர்ப்பரப்பு சுருங்கியது தெரியும். மேகம் மறைத்தால் ஓரிரு நாள் தள்ளிப் பாருங்கள். ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்திப் பாசனத்துக்குத் திருப்பப்பட்ட கதையை, படத்தைக் காட்டிய பிறகு சொல்லுங்கள். முதலில் அவர்கள் காரணத்தை ஊகிக்கட்டும்.

பின்சேர்க்கை: 8857 தேடலில் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பழைய கியூஜிஐஎஸ் என்றால் அப்படித்தான், புதுப்பித்தால் வந்துவிடும். பள்ளிக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் வீட்டில் வரைந்து படமாகச் சேமித்துக்கொண்டு போகலாம். அப்படிச் சேமிக்கும்போது தெளிவுத்திறனை 300 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) உயர்த்துங்கள். தானாக வரும் 96-ல் அச்செடுத்தால் எழுத்துகள் மங்கிப்போகும்.