நடுவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினால்: பள்ளிக் கால்பந்து அணிகளுக்கு ஒரு வழிகாட்டி

காவிரி டெல்டாவில், அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதிக்கொள்ளும் குறுவட்டக் கால்பந்துப் போட்டிகளில் விசிலோடு நிற்பவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். காலையில் தம் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து, நண்பகல் வெயிலில் அடுத்தடுத்து ஆட்டங்களுக்கு ஓடி, மாலையில் அதே மாணவர்களோடு ஊர் திரும்புகிறவர். இன்று நம் அணிக்கு அவர் நடுவர். நாளை அவருடைய அணி ஆடும்போது நம் ஆசிரியர் நடுவராக நிற்கக்கூடும். எனவே இங்கே ஒரு தீர்ப்பைப் பற்றிய சண்டை அந்த ஆட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஆண்டு வரை நீள்கிறது. அதைத் தவிர்ப்பதற்கான வேலையில் பெரும்பகுதி முதல் விசிலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் மைதானத்தைப் பாருங்கள். நம் பகுதியின் களிமண் தரை ஒரு மழைக்கே சேறாகிவிடும். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மதியத்திற்குள் காலடியில் கரைந்துவிடும். பெனால்ட்டி எல்லையும் கோல் கோடும் கண்ணுக்குத் தெரியாத மைதானத்தில் எவ்வளவு நேர்மையான நடுவரும் சர்ச்சையில் சிக்கத்தான் செய்வார். ஆகவே இரு அணிகளின் ஆசிரியர்களும் சேர்ந்து, ஆட்டத்திற்கு முன்பும் இடைவேளையிலும் கோடுகளைப் புதுப்பிக்கச் சொல்லிப் போட்டி நடத்தும் பள்ளியிடம் கேளுங்கள். கோல் கம்பத்தில் வலை இல்லையென்றால், பந்து கம்பத்திற்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற வாக்குவாதம் கட்டாயம் வரும். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பழைய மீன்பிடி வலை கிடைப்பது அரிதல்ல. அதைக் கட்டிவிட்டாலே பாதிச் சண்டை குறையும்.

அடுத்து, போட்டி விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்ட நேரம் எவ்வளவு, சமநிலை என்றால் என்ன செய்வது, முறையீட்டை எவ்வளவு நேரத்திற்குள் யாரிடம் கொடுப்பது என்பவை போட்டிக்குப் போட்டி மாறும். எதிரணிப் பள்ளியின் ஆசிரியரே நடுவராக நியமிக்கப்பட்டிருந்தால், அதைச் சொல்லி வேறொருவரைக் கேட்பதற்கான நேரமும் இதுதான். வாய் மூடி இருந்துவிட்டுத் தோற்ற பிறகு அதைக் கிளப்புவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு தீர்ப்பு தவறென்று தோன்றினால், அது எந்த வகைத் தவறு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கால்பந்துச் சட்டத்தின் 5ஆம் விதிப்படி, கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, ஆட்டத்தில் நடந்தவை குறித்து நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது. அவர் கண்ணுக்குத் தப்பியது தப்பியதுதான். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தெளிவாகத் தாண்டி விழுந்தது, கோல் கொடுக்கப்படவில்லை, ஆட்டத்தின் முடிவும் மாறவில்லை. கோல் கோட்டுத் தொழில்நுட்பத்திற்கு 2012இல் ஒப்புதல் கிடைத்ததற்கு அந்தப் பந்தும் ஒரு காரணம், ஆனால் நம் குறுவட்ட மைதானத்திற்கு அது வரப்போவதில்லை.

சட்டத்தையே மாற்றிப் பயன்படுத்துவது வேறு வகை. த்ரோவிலிருந்து யார் மீதும் படாமல் நேராக எதிரணிக் கோலுக்குள் போன பந்துக்குக் கோல் கொடுப்பது, ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டிவிட்டு வெளியே அனுப்பாமல் விடுவது போன்றவை இதில் அடங்கும். இதுவும் பெரிய இடங்களில் நடந்ததுதான். 2006 உலகக் கோப்பையில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆட்டத்தில், இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல் ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டிய பிறகுதான் சிவப்பு அட்டையை எடுத்தார். முதல் வகைத் தவறுக்கு முறையீடு எழுதுவதில் பயனில்லை. இரண்டாவது வகைக்கு உண்டு, அதிலும் நேரம் முக்கியம். ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்புதான் நடுவர், தாமாக உணர்ந்தோ உதவி நடுவர் சொல்லியோ, தம் முடிவை மாற்ற முடியும். பந்து உதைக்கப்பட்ட பின் அவரே விரும்பினாலும் முடியாது.

அதற்கு நமக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். பந்து கையில் பட்டாலே ஹேண்ட்பால் என்று கோட்டோரத்தில் கத்துகிறவர்கள் அநேகம். வேண்டுமென்றே கையை வைத்ததா, உடம்பை இயல்புக்கு மீறி அகலமாக்கிக் கொண்டதா என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார்; அதே கையிலிருந்து நேராகவோ, கையில் பட்ட உடனே அதே ஆட்டக்காரர் அடித்தோ கோல் விழுந்தால் மட்டும், தற்செயலாகப் பட்டிருந்தாலும் அது குற்றம். பந்தைத் தொட்டுவிட்டால் ஃபவுல் இல்லை என்பதும் தவறான நம்பிக்கை. பந்தைத் தொட்ட பிறகும் எதிராளியின் காலை முரட்டுத்தனமாகச் சாய்த்தால் ஃபவுல்தான். த்ரோ, கார்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து பந்தை நேரடியாகப் பெறுபவருக்கு ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி அவர்கள் கோல் பக்கம் முந்தி நிற்கும் குற்றம்) கிடையாது. எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளுடன், அதாவது பெரும்பாலும் கோல்கீப்பருக்கு முன் நிற்கும் கடைசித் தடுப்பாளருடன், ஒரே கோட்டில் நிற்பவரும் ஆஃப்சைடு அல்லர். மழை நாளில் மைதானத்தில் இறங்க முடியாதபோது வகுப்பறையில் உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள். நான் கேட்ட கூச்சல்களில் பெரும்பாலானவை, நடுவர் சரியாகச் சொன்ன தீர்ப்புக்கு எதிராக எழுந்தவை.

நடுவரிடம் பேச அணித்தலைவர் ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்று அணிக்குள் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். 2024 யூரோ கோப்பையில் இந்த முறையைப் பின்பற்றினார்கள். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் அட்டை கிடைத்தது. எப்படிப் பேசுவது என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். சேறு படிந்த கோல் வாயில் பந்து தொப்பென்று விழுந்து நின்றுவிடுகிறது, கோல்கீப்பர் அதை வாரி அணைத்துக்கொள்கிறார், கோடு அழிந்திருக்கிறது, நடுவர் கோல் இல்லை என்று கையசைக்கிறார். அப்போது தலைவர் நடந்து போய், இரண்டடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், லைன் சார் நேரா நின்னு பார்த்தாங்க. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க சார்" என்று கேட்கலாம். நடுவரின் தன்மானத்திற்கு இழுக்கு வராமல், முடிவை மாற்ற அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிடும் பேச்சு அது. "கேட்டாச்சுப்பா, இல்லை" என்று பதில் வந்தால், "சரிங்க சார்" என்று திரும்பி ஓடிவிட வேண்டும். இரண்டாவது முறை கேட்பது வாக்குவாதம், அதற்கு மஞ்சள் அட்டை உண்டு.

மாணவர்களைவிடப் பெரியவர்களை அடக்குவதுதான் கடினம். நடுவர் எங்கோ ஒரு பள்ளியின் ஆசிரியர் என்பது தெரிந்திருப்பதால் பிள்ளைகள் ஓரளவு பணிந்தே போகிறார்கள். பழைய மாணவர்களும், பெற்றோரும், சில வேளை உடற்கல்வி ஆசிரியர்களுமே வரம்பு மீறுகிறார்கள். 2019 முதல் பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். அணி நிற்குமிடத்திலிருந்து குரல் கொடுத்தவர் யாரென்று கண்டறிய முடியாவிட்டால், அந்த அட்டை அங்கிருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்குப் போகும். பார்வையாளர்களுக்குத் தென்னங்கயிறு ஒன்றைக் கோட்டிலிருந்து சில அடி தள்ளிக் கட்டுங்கள். கயிற்றுக்கு அப்பால் நின்றுகொண்டு கத்துகிறவர் மைதானத்திற்குள் பாய்வது குறைவு. கொஞ்சம் மரியாதையான மாமா ஒருவரைப் பிடித்து, "பிள்ளைங்க ஆடுறாங்க, பார்த்துக்குங்க" என்று கூட்டத்தை அவர் பொறுப்பில் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

கைபேசியில் எடுத்த காணொளியை நடுவரின் முகத்திற்கு நேரே நீட்டாதீர்கள். காணொளி உதவியுடன் தீர்ப்பு சொல்லும் முறை 2018இல் சட்டத்தில் இடம்பெற்றாலும், அதற்கான வசதியும் அனுமதியும் உள்ள போட்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சாய்வான கோணத்தில் எடுத்த படம் ஆஃப்சைடையும் கோல் கோட்டையும் பொய்யாகவே காட்டும். அதை வாட்ஸ்அப்பில் போட்டு அவரைக் கேலி செய்தால், அதே ஆசிரியரைக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நேருக்கு நேர் சந்திக்க நேரும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

முறையீடு எழுதுவதென்றால் அரைப் பக்கம் போதும். எந்த நிமிடம், அப்போதைய கோல் கணக்கு, நடந்தது என்ன, நடுவர் கொடுத்த முடிவு, எந்த விதிக்கு அது முரணானது, ஆட்டம் எப்படி மறுபடி தொடங்கியது என்ற வரிசையில் எழுதுங்கள். "பாரபட்சமாக", "திட்டமிட்டு" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். அவை இருந்தால் படிக்கிறவர் விதியை விட்டுவிட்டு உங்கள் கோபத்திற்குப் பதில் தேடுவார். அணித்தலைவரின் கையெழுத்தும் ஆசிரியரின் கையெழுத்தும் வாங்கி, அமைப்புக் குழுவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரரை "டேய்", "போடா" என்று விரட்டும் பழக்கம் நம் ஆசிரியர் நடுவர்களில் சிலருக்கு உண்டு; வகுப்பில் எப்படியோ, மைதானத்தில் அது மரியாதையைக் குறைக்கும். "ஏழாம் நம்பர், இங்க வாங்க தம்பி" என்று கூப்பிட்டு, விசிலை உரக்க ஊதி, ஃபவுல் எந்த இடத்தில் என்று கையால் காட்டிவிட்டால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

பள்ளிக்குள் செய்யக்கூடிய இன்னொன்று, பயிற்சி ஆட்டங்களுக்கு மாணவர்களையே நடுவராக்குவது. பதினொன்றாம் வகுப்பு மாணவியோ மாணவனோ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்திற்கு விசில் பிடிக்கட்டும்; இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டவர்கள் பிறகு நடுவரிடம் பேசும் தொனி மாறிவிடுகிறது. அவர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது ஒரு பாதையாகவும் அமையலாம். சென்னையைச் சேர்ந்த கோமலீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராகக் கொடி பிடித்தார். திண்டுக்கல்லின் ரூபா தேவி ஃபிஃபா நடுவராக உயர்ந்தார். நடுவர் தேர்வு எப்போது, எங்கே என்பதை மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் விசாரித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.